மருத்துவப் பணியாளர்களும் பராமரிப்பாளர்களும்: தொற்றா நோய்களுக்கான ஆபத்துக் காரணிகள்

காஞ்சிபுரம் மாவட்டம் திருப்புட்குழிப் பகுதியில் நடைபெற்ற ஒரு பரிசோதனை முகாமில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது. கையில் கட்டியிருந்த பட்டை அவிழ்க்கப்பட்ட பின்னும் அவர் எழுந்து செல்லவில்லை. "எல்லாருக்கும் கட்டிக் கட்டிப் பாக்குறியே, உனக்கு யாராச்சும் பாத்தாங்களாம்மா?" என்று செவிலியரைக் கேட்டார். "எனக்கென்ன ஆயா, நல்லாத்தான் இருக்கேன்" என்று செவிலியர் சிரித்தார். ஆயா விடவில்லை, வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகவே செவிலியர் கையை நீட்டினார். கருவி 164/102 என்று காட்டியது. ஐந்து நிமிடம் அமைதியாக அமரவைத்து மீண்டும் பார்த்தபோது 158/100.

அவருக்கு வயது 43. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. இதற்கு முன் எப்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டாவது பிரசவத்தின்போது என்றார். அந்தக் குழந்தை இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறது.

இப்பக்கத்தைப் படிக்கும் நீங்கள் நோயாளியாகவோ, நோயாளியைப் பராமரிப்பவராகவோ இருக்கலாம். மருத்துவப் பணியாளர்களின் உடல்நலத்தைப் பற்றி உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். மருத்துவப் பணியாளர் என்றால் மருத்துவரும் செவிலியரும் மட்டும் அல்லர். ஆய்வக நுட்பநர், மருந்தாளுநர், 108 ஊர்தியின் ஓட்டுநர், மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், வீடு தேடி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர். இவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கக்கூடும். மேலும், படுக்கையில் இருக்கும் கணவரையோ தாயையோ இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவரும் சீருடை அணியாத மருத்துவப் பணியாளரே. கீழே கூறப்படும் ஆபத்துக் காரணிகளுள் பெரும்பாலானவை அவருக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டின் நிலை

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய், புற்றுநோய் போன்றவை தொற்றா நோய்கள் எனப்படுகின்றன. இவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதில்லை. பல ஆண்டுகளாக உடலுக்குள் மெல்ல வளர்பவை. தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் 2020இல் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருந்தன. இவற்றைக் காட்டிலும் கவலைக்குரிய வேறு இரண்டு எண்களும் அக்கணக்கெடுப்பில் உள்ளன. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுள் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்கவே, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளிலும் பிற பணியிடங்களிலும் பரிசோதனை செய்யும் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" 2024இல் தொடங்கியது. மருத்துவமனையும் ஒரு பணியிடமே. ஆனால் பரிசோதிக்கும் கருவிகள் எல்லாம் அருகிலேயே இருக்கும் அந்தப் பணியிடத்தில்தான் பணியாளர்கள் தம்மைப் பரிசோதித்துக்கொள்வதைத் தள்ளிப்போடுகிறார்கள். நாள்தோறும் பார்க்கும் கருவி என்பதால், எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மருத்துவமனைப் பணியின் ஆபத்து என்றவுடன் ஊசி குத்துதல், காசநோய், மஞ்சள் காமாலை ஆகிய தொற்றுகளையே நாம் நீண்ட காலமாக நினைத்து வந்துள்ளோம். அந்த எண்ணம் தவறன்று. ஆனால் இவ்விரு வகை நோய்களும் தனித்தனியானவை அல்ல என்பதைக் கோவிட் காலம் காட்டியது. ஒரே தொற்று, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களைக் கூடுதலாகத் தாக்கியது.

இரவுப் பணி உடலுக்குள் செய்வது என்ன?

மருத்துவமனைக்கு இரவு விடுமுறை கிடையாது. ஆகவே இப்பணியில் உள்ளவர்களுக்கே உரிய முதன்மையான ஆபத்துக் காரணி இரவுப் பணியாகும். அதிலும் ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று மாறி மாறி வரும் பணி உடலுக்குக் கடினமானது.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகளுக்குச் சற்று மேலே, ஒரு சிறிய நரம்பணுக் கொத்து உள்ளது. ஒளியைக் கொண்டு பகலையும் இரவையும் அறிந்து, உடல் முழுவதற்கும் நேரம் சொல்லும் கடிகாரம் அதுவே. கல்லீரலும் கணையமும் இதயமும் தமக்கெனத் தனிக் கடிகாரங்களை வைத்திருப்பினும், இதனோடு ஒத்தே ஓடுகின்றன. இக்கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரவு வந்ததும் மெலடோனின் என்ற இயக்குநீர் கூடுகிறது. கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. உறங்கும் நேரத்தில் உணவு வராது என்பது உடலின் கணக்கு. அந்த நேரத்தில் விழித்திருந்து பரோட்டாவோ பிஸ்கட்டோ சாப்பிட்டால், பகலில் சாப்பிட்டதைவிட இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறும்; இறங்குவதற்கும் நேரமாகும். இரத்த அழுத்தமும் இவ்வாறே. உறக்கத்தில் அது இயல்பாக 10 முதல் 20 விழுக்காடு வரை குறைய வேண்டும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அதுதான். இரவில் விழித்து, பகலில் வெளிச்சத்திலும் சத்தத்திலும் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்குபவருக்கு அந்த ஓய்வு முழுமையாகக் கிடைப்பதில்லை. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் இயக்குநீர் கூடுகிறது. போதும் என்று சொல்லும் இயக்குநீர் குறைகிறது. இரவுப் பணி முடிந்து வந்த காலையில் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டும்போல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மன உறுதி இல்லாததால்தான் அப்படித் தோன்றுகிறது என்று வருந்த வேண்டியதில்லை.

இதன் விளைவை அளந்து காட்டியவர்களும் செவிலியர்களே. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்விலும், அதைத் தொடர்ந்த இரண்டாவது ஆய்விலும் சேர்ந்திருந்த 1,77,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகள் 2011இல் வெளியிடப்பட்டன. மாறி மாறி வரும் இரவுப் பணியே செய்யாதவர்களோடு ஒப்பிடும்போது, 3 முதல் 9 ஆண்டுகள் செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 20 விழுக்காடும், 10 முதல் 19 ஆண்டுகள் செய்தவர்களுக்கு 40 விழுக்காடும், 20 ஆண்டுகளுக்கு மேல் செய்தவர்களுக்கு 58 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. உடல் எடையின் பங்கைக் கழித்துக் கணக்கிட்டபோது இந்த 58 விழுக்காடு 24 ஆகக் குறைந்தது. அதாவது, கூடுதல் ஆபத்தின் பெரும்பகுதி எடை கூடுவதன் வழியாகவே வருகிறது. பணி நேரத்தை மாற்ற இயலாதவருக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. எடையைக் கவனிப்பதால் அந்தப் பெரும்பகுதியைக் குறைக்க வாய்ப்புண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள காரணிகளின் பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறு ஆய்வு செய்து அதையே உறுதிப்படுத்தியது. சான்று இன்னும் முடிவானதாக இல்லை, அச்சப்படத் தேவையில்லை. ஆயினும் 30 வயதைக் கடந்த பெண் பணியாளர்கள் மார்பகப் பரிசோதனையையும் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் தவறவிடாமல் இருக்க இது ஒரு காரணம். மற்ற பெண்களை இப்பரிசோதனைக்கு அழைத்து வருபவர்களே தமக்குச் செய்துகொள்ளத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தேநீரும் இனிப்புப் பெட்டியும்

ஒரு கோப்பைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 10 கிராம். இரவுப் பணியில் விழித்திருப்பதற்காக ஐந்து முறை தேநீர் குடித்தால் 50 கிராம். நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் சர்க்கரை உச்ச வரம்பே 50 கிராம்தான். 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்றும் அது கூறுகிறது. சோறும் பலகாரமும் தனிக் கணக்கு. உப்பின் வரம்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், முறுக்கு ஆகியவை அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கே நோயாளிகளின் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை பிறந்தாலும், அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும், வீடு திரும்பும் நாளிலும் செவிலியர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுப்பது நம் வழக்கம். அந்த அன்பை யாரும் மறுக்க விரும்புவதில்லை. மறுத்தால் மனம் வருந்துவீர்கள் என்று வாங்கிச் சாப்பிட்டும் விடுகிறார்கள். பிரசவ வார்டில் ஒரே நாளில் மூன்று பெட்டிகள் வந்துவிடுவதுண்டு. கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொய்யாவோ வேர்க்கடலையோ கொடுங்கள். வெறுமனே ஒரு நன்றி சொன்னாலும் அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

கிராமங்களுக்குச் செல்லும் பெண் பணியாளர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெளியில் கழிப்பறை கிடைக்காது என்பதால் காலை முதல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில் இது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் வழிவகுக்கும். உங்கள் வீட்டுக்கு மருந்து கொண்டு வரும் தன்னார்வலரிடம், "தண்ணி குடிக்கிறியாம்மா? பாத்ரூம் போகணும்னா போய்ட்டு வாம்மா" என்று கேட்பது மிகப் பெரிய உதவி.

"நாள் முழுதும் நடந்துகொண்டுதானே இருக்கிறேன்!"

உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால் செவிலியர்களும் வீட்டில் பராமரிப்பவர்களும் சொல்லும் பதில் இது. பதில் பொய்யன்று. பணியின்போது நடப்பதும் கணக்கில் சேரும். பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் பயன் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் கைவிட்டது. ஆனால் வாரத்துக்குத் தேவையான 150 நிமிடம் என்பது சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கும் நேரத்தைக் குறிக்கிறது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அந்த வேகமே அளவு. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நான்கு அடி நடந்து, பத்து நிமிடம் நின்று, மீண்டும் நான்கு அடி நடப்பதில் கால்தான் வலிக்கும். நீண்ட நேரம் நிற்பதால் காலில் நரம்பு சுருண்டு புடைப்பதும், நோயாளியைத் தூக்குவதால் இடுப்பு வலிப்பதும் உண்டு. இவ்வலிகளால் நடைப்பயிற்சி நின்றுபோகிறது. வலிக்காக மாத்திரை தொடங்குகிறது.

மருந்தை அறிந்தவர் தாமே எடுத்துக்கொள்ளும்போது

நான் மிகவும் கவலைப்படும் பகுதி இதுதான். பிற தொழில்களில் இருப்பவருக்கு மருந்தின் பெயர் தெரியாது; அதனால் மருத்துவரிடம் வருகிறார். மருத்துவப் பணியாளருக்குப் பெயரும் தெரியும், இருக்கும் இடமும் தெரியும். தலை பாரமாக இருக்கிறது என்று சக பணியாளரைக் கொண்டு அழுத்தம் பார்க்கிறார். சற்றுக் கூடுதலாக இருக்கிறது. நடைக்கூடத்தில் எதிர்ப்படும் மருத்துவரிடம் கேட்டு ஓர் அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறார். பதினைந்து நாள் கழித்துப் பார்க்கையில் இயல்பாக இருக்கிறது, நிறுத்திவிடுகிறார். மாத்திரையால்தான் அழுத்தம் இயல்பாக இருந்தது என்பதை நோயாளிகளுக்கு நூறு முறை விளக்கியவரே தம் விஷயத்தில் அதை மறந்துவிடுகிறார். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அடுத்த மாதம் ஏன் வரவில்லை என்று யாரும் தேடுவதுமில்லை.

வலி மாத்திரை இதைவிட ஆபத்தானது. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வோர் உண்டு. இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். அதனால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்த மாத்திரையின் பயனும் குறையும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகத்துக்கு இது இரட்டைச் சுமை. வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்படுகிறது என்றால், வலியின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகளும் தேவை.

வெட்கமும் ஒரு காரணம். "நமக்கே சுகர் என்றால் நாம் சொல்வதை யார் கேட்பார்கள்?" என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. முகாமில் 164/102 வந்த அந்தச் செவிலியர், நாள்தோறும் ஐம்பது பெயர்களைப் பதிவேட்டில் எழுதுபவர். தம் பெயரை எழுதும் வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்தான் எழுதினார். இதை எழுதும் எனக்கும் இதில் பெருமைப்பட ஏதுமில்லை. தந்தைக்கு நீரிழிவு இருந்தது தெரிந்தும், 40 வயதுக்குப் பின் மூன்று ஆண்டுகள் நான் சர்க்கரை பரிசோதித்துக்கொள்ளவில்லை. நேரமில்லை என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். வெறும் வயிற்றில் 118 வந்தபோதுதான் நேரம் கிடைத்தது.

நோயாளிகள் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள் என்பதே என் அனுபவம். "எனக்கும் மாத்திரை உண்டு, நானும் உப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு செவிலியர் சொன்னால், அவர் சொல்லை அவர்கள் கூடுதலாகவே நம்புகிறார்கள்.

வீட்டில் பராமரிப்பவர்

பக்கவாதத்தால் படுத்திருப்பவரை இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பவருக்கும் இரவுப் பணிதான். ஒரே வேறுபாடு, இவருக்கு மாற்று ஆள் வருவதில்லை. கணவருக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கும் மனைவி தம் மாத்திரையை மறந்துவிடுவதையும், அவருக்கு ஆக்கி வைத்ததில் மிஞ்சியதை நின்றபடியே உண்பதையும் எங்கள் களப் பணியாளர்கள் அடிக்கடி காண்கிறார்கள். "அவரு நல்லா ஆகட்டும், அப்புறம் பாத்துக்கறேன்" என்பார்கள். அந்த "அப்புறம்" சில வேளைகளில் இருவரையும் ஒரே நேரத்தில் படுக்க வைத்துவிடுகிறது. பிறகு பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

ஆகவே, மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலரோ நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரோ இயன்முறை மருத்துவரோ வீட்டுக்கு வரும்போது, நோயாளியைப் பார்த்து முடித்ததும் நீங்களும் கையை நீட்டுங்கள். 30 வயதைக் கடந்த எவரும் பரிசோதனைக்கு உரியவரே. நோய் அறிகுறி தேவையில்லை. நோயாளியைத் தூக்கி அமர வைக்கும் சரியான முறையை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது உறவினர் எவரேனும் வந்து இருந்தால், அந்த ஓர் இரவு உறங்குங்கள். அதைக் கேட்பதில் குறை ஏதும் இல்லை.

எப்போது, என்ன பரிசோதனை?

இரத்த அழுத்தம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்கப்பட வேண்டும். பார்ப்பதற்கு அரை மணி நேரத்துக்குள் தேநீர், காப்பி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இரு வேறு நாட்களில் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். 180/110 அளவுக்கு இருந்தால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு விழித்ததால் கூடியிருக்கும் என்று பணியாளர்கள் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அப்படியும் இருக்கலாம், உறங்கி எழுந்த ஒரு நாளில் மீண்டும் பார்த்து அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் நீரிழிவே. இரவுப் பணியாளர்கள் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருந்தார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் குடித்த தேநீரும் உணவே.

சென்னையில் உருவாக்கப்பட்டு 2005இல் வெளியிடப்பட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறையை, ஓர் அளவு நாடா இருந்தால் நீங்களே கணக்கிடலாம். வயது 35 முதல் 49 வரை என்றால் 20, 50 அல்லது அதற்கு மேல் என்றால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 முதல் 89 சென்டிமீட்டர் வரை என்றால் 10, 90 அல்லது அதற்கு மேல் என்றால் 20. ஆண்களுக்கு 90 முதல் 99 வரை என்றால் 10, 100 அல்லது அதற்கு மேல் என்றால் 20. கடும் உடலுழைப்போ முறையான தீவிர உடற்பயிற்சியோ உள்ளவருக்கு மதிப்பெண் இல்லை. மிதமான அளவில் உள்ளவருக்கு 20. அமர்ந்தே இருப்பவருக்கு 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். நம் செவிலியரின் கணக்கைப் பாருங்கள்: வயதுக்கு 20, 86 சென்டிமீட்டர் இடுப்புக்கு 10, மிதமான உழைப்புக்கு 20, தாய்க்கு இருந்த நீரிழிவுக்கு 10. சரியாக 60. அவருக்கு வெறும் வயிற்றில் 112 இருந்தது.

112 என்பதும் எனக்கு வந்த 118 என்பதும் திரும்பி வரக்கூடிய எண்கள். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் 28.5 விழுக்காடு குறைந்தது. அதுவும் சென்னையில், நம்மைப் போலவே சோறும் இட்லியும் உண்பவர்களிடம் நடந்த ஆய்வு.

இரவுப் பணி தவிர்க்க முடியாதவர்களுக்கு

முதன்மை உணவைப் பணிக்குச் செல்லும் முன் உண்ணுங்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே முழு உணவைத் தவிருங்கள். பசித்தால் சுண்டல், மோர், ஒரு பழம் போதும். அமெரிக்காவில் 19 இளைஞர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வக ஆய்வில், இரவுப் பணி போன்ற சூழலில் இரவிலும் உண்டவர்களுக்குச் சராசரி இரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு கூடியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. ஆய்வு சிறியதுதான், ஆனால் செய்து பார்ப்பதில் செலவில்லை. தேநீர், காப்பியைப் பணியின் முற்பாதியோடு நிறுத்திக்கொண்டால் காலையில் உறக்கம் வரும்.

பகலில் உறங்கும் அறை இருட்டாக இருக்க வேண்டும். சன்னலுக்குக் கெட்டித் துணி போதும். இரவு விழித்தவர் உறங்கும்போது கதவைத் தட்டாமல் இருப்பதும், காலைச் சமையலை வேறொருவர் ஏற்பதும் வீட்டார் செய்யக்கூடிய சிகிச்சை. மருத்துவமனையிலிருந்து இரவு முழுதும் விழித்து வரும் பெண், வந்ததும் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும் வீடுகளில் நான் எழுதித் தரும் எந்த மாத்திரையும் முழுப் பயன் தருவதில்லை. உறக்கக் கலக்கத்தோடு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டி வராதீர்கள். இருபது நிமிடம் கண்ணயர்ந்து கிளம்பலாம், அல்லது பேருந்தில் வரலாம்.

நீரிழிவு உள்ளவர்கள், இரவுப் பணி வாரத்தில் மாத்திரையையும் இன்சுலினையும் எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சர்க்கரை பார்க்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாதவை

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல். இவற்றுள் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில வேளை வலியே இல்லாமல், களைப்பாகவும் குமட்டலாகவும் மட்டுமே வெளிப்படும். "இதயம் காப்போம்" திட்டத்தின்கீழ், மாரடைப்பு என ஐயுறப்படுவோருக்கு முதல் கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்பட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். மருத்துவப் பணியாளர்கள் இவ்வலியை வாயுத் தொல்லை என்று தாமே முடிவு செய்து, ஒரு பான்டோபிரசோலை விழுங்கிவிட்டுப் பணியைத் தொடர்வதுண்டு. உடன் இருப்பவர் அதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் படுக்க வைத்து, இதயச் சுருள்படம் எடுக்கச் சொல்ல வேண்டும். அவர் மருத்துவராகவே இருந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.